பதினான்காம் எண் குழாய்

குழாய்களைத் திருப்பி அனுப்பியது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இதை வாசிக்கிறவர்கள் கடைசிவரைக்கும் எபனேசர் அண்ணனையே குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

என் பெயர் ரஹ்மத் நிஷா. திருச்சியில் பஞ்சப்பூரைத் தாண்டி இருக்கும் ஒரு தனியார் ஆய்வகத்தில் என்.எம்.ஆர். என்கிற காந்த மிஷின் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். வெளியே பலகையில் ஆய்வகத்துக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. ஊர்க்காரர்கள் யாரும் அதைச் சொல்வதில்லை. ஆட்டோக்காரரிடம் ‘ஞாபகச் சீட்டு ஆபீஸ்’ என்றால் போதும், வாசலில் கொண்டுவந்து விட்டுவிடுவார்.

ஞாபகச் சீட்டு என்பது அரைப் பக்க அறிக்கை. முதுகுத்தண்டில் ஊசி போட்டு எடுத்த கொஞ்சம் நீரில் இருக்கும் ஒரே ஒரு புரதத்தை நாங்கள் பார்க்கிறோம். அது நல்லபடியாக இருந்தால் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு என்று எண் வரும். கட்டிதட்ட ஆரம்பித்திருந்தால் எண் இறங்கும். ஐம்பதுக்குக் கீழே போனால் ‘மங்கல்’ என்று அச்சாகும். மங்கல் என்றால் ஞாபகம் போகப்போகிறது என்று அர்த்தம். சிலருக்கு மூன்று வருடத்தில், சிலருக்கு மூன்று மாதத்தில். மங்கல் வந்த ஆறு மாதத்துக்குள் மாதம் ஒரு ஊசி என்று ஆரம்பித்தால் பத்துப் பன்னிரண்டு வருடம் தள்ளிப்போடலாம். அதற்குப் பிறகு ஆரம்பித்தால் ஊசி போட்ட இடம் வலிப்பதுதான் மிச்சம்.

இந்தச் சீட்டு வந்த நாளிலிருந்து ஊர் நடப்பே மாறிவிட்டது. பேருந்து ஓட்டுகிறவர், அறுவை சிகிச்சை செய்கிறவர், கோப்புகளில் கையெழுத்துப் போடும் அதிகாரி எல்லோரும் வருடத்துக்கு ஒரு முறை சீட்டைக் காட்ட வேண்டும். சட்டம் அவ்வளவுதான் கேட்டது. மற்றதை ஜனங்களே சேர்த்துக்கொண்டார்கள். பெண் கொடுக்கப் போகிற இடத்தில் மாமனார் மாமியாரின் சீட்டைக் கேட்கிறார்கள். பாகப்பிரிவினைக்கு முன்னால் அண்ணன் தம்பிகள் சேர்ந்து அப்பாவைக் காரில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். அவரும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, எதற்கு வந்தோம் என்று தெரிந்தும் தெரியாததுபோல் உட்கார்ந்திருப்பார். வரவேற்பறையில் அழுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு மரத்துப்போயிருந்தது. ‘மிஷின் பொய் சொல்லாது’ என்று ஒரு வாக்கியம் கைவசம் வைத்திருந்தேன். யார் சண்டைக்கு வந்தாலும் அதைச் சொல்லி அனுப்பிவிடுவேன்.

நீர் ஊற்றுகிற கண்ணாடிக் குழாய் பென்சிலைவிட ஒல்லி, நீளம் ஒரு சாண். ஒரு தடவை பயன்படுத்திவிட்டுத் தூக்கிப்போட வேண்டியது. இது நடந்த வருடம் வெளிநாட்டுச் சரக்கு துறைமுகத்தில் மாட்டிக்கொண்டதால் இருந்ததையே கழுவிக் கழுவிப் பயன்படுத்தினோம். மொத்தம் நாற்பது குழாய், ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் எண். எந்த நாளில் எந்தக் குழாயில் யாருடைய நீர் போனது என்பது கணினியில் இருக்கும்.

கழுவுகிற பொறுப்பு எபனேசர் அண்ணனுடையது. அறுபத்திரண்டு வயது. ஒரு பழைய கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் முப்பத்து நான்கு வருடம் உதவியாளராக இருந்து ஓய்வுபெற்று எங்களிடம் வந்தவர். அவர் கழுவிய பீக்கரைத் தலைகீழாகப் பிடித்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் ஒட்டியிருக்காது. அவருடைய மனைவி சாரா அக்கா பக்கவாதம் வந்து படுத்து ஆறு வருடமாகிறது. பிள்ளைகள் இல்லை. காலையில் அக்காவைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு எட்டரைக்கெல்லாம் இங்கே நிற்பார். “எனக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா அவளுக்கு யாரு மேடம்?” என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்டுவிடுவார். “உங்களுக்கு ஒண்ணும் ஆகாது, போங்கண்ணே” என்பேன்.

அந்த வருட மத்தியிலிருந்து அவர் சட்டைப் பையில் ஒரு சின்ன டைரி இருந்தது. எதைச் சொன்னாலும் உடனே எடுத்து எழுதிக்கொள்வார். “என்னண்ணே, சுயசரிதையா? என்னைப் பத்தி நல்லதா நாலு வரி எழுதுங்க” என்று கிண்டல் செய்தேன். அவர் சிரித்துக்கொண்டே டைரியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு நாள், எட்டுக் குழாய்களின் அடியில் பால் காய்ந்ததுபோல் வெள்ளைப் படலம் தெரிந்தது. புரதம் காய்ந்தால் அப்படித்தான் ஆகும், சோப்புக்குப் போகாது. நல்லபடியாகக் கூப்பிட்டு, வேறு கரைசல் கொடுத்துக் கழுவச் சொல்லியிருக்கலாம். நானா சொல்வேன்? எட்டையும் தட்டில் வைத்து, ஒரு துண்டுத்தாளில் ‘இதுதான் கழுவுற லட்சணமா?’ என்று எழுதி அனுப்பினேன். முப்பத்து நான்கு வருடத்தில் அவருக்கு அப்படி யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். மறுநாள் காலை எட்டும் திரும்பி வந்தன. கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்று தொட்டுப் பார்க்க வேண்டிய அளவுக்குச் சுத்தம். “இப்பத்தாண்ணே கழுவியிருக்கீங்க” என்றேன். அவர் முகம் மலர்ந்துபோனது.

அதே வாரம் வெள்ளிக்கிழமை ஊழியர்களுக்கான இலவசப் பரிசோதனை. இரண்டு வருடம் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்த எபனேசர் அண்ணன், இந்த முறை தானாகவே வந்து முதுகைக் காட்டிப் படுத்தார். சீட்டில் நூறு என்று வந்தது. மறுநாள் எல்லோருக்கும் பிளம் கேக். சாரா அக்காவுக்காக ஒரு பராமரிப்பு இல்லத்தில் இரண்டு வருடமாகக் காத்திருந்த இடம் அந்த வாரம்தான் கிடைத்ததாம். “வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டேன் மேடம். நான் நல்லா இருக்கேன்ல? நானே பாத்துக்குறேன்” என்றார். அதற்குப் பிறகு அவர் பையில் அந்த டைரியை நான் பார்க்கவில்லை.

நான்கு மாதம் கழித்து அம்சவல்லி வந்தார்.

துறையூர் வழித்தடத்தில் அரசுப் பேருந்து ஓட்டுகிறவர். நாற்பத்தாறு வயது. நவம்பரில் நாங்கள் கொடுத்த சீட்டில் அவருக்கு முப்பத்தாறு. அன்றோடு ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டு, டிப்போவில் பேருந்து நேரம் சொல்லும் கூண்டில் உட்கார்த்திவிட்டார்கள். ஊசியை ஆரம்பிக்கச் சொல்லி மூன்று தடவை கடிதம் வந்திருந்தது. ஊசி ஆரம்பித்தால் பெயர் மங்கல் பதிவேட்டில் ஏறிவிடும், ஏறினால் ஆயுசுக்கும் வண்டி ஓட்ட முடியாது. ஆரம்பிக்காவிட்டால் ஆறு மாதக் கெடு தாண்டிவிடும். இரண்டுக்கும் நடுவில் அந்த அம்மாள் மூன்று நாள் எங்கள் வரவேற்பறையில் காக்கி உடுப்போடு வந்து உட்கார்ந்திருந்தார். நான்காவது நாள் நேராக என் அறைக்கே வந்துவிட்டார்.

ஞாபகம் கொஞ்சமும் போகவில்லை என்றார். துறையூர்வரைக்கும் முப்பத்தெட்டு நிறுத்தங்களையும் வரிசையாகச் சொன்னார், திரும்பி வரும் வரிசையிலும் சொன்னார். எந்த நிறுத்தத்தில் எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எத்தனை மணிக்கு ஏறும் என்றும் சொன்னார். இது இன்றைக்கு இருக்கிற ஞாபகத்தைப் பற்றிய சீட்டு இல்லை, நாளைக்கு வரப்போவதைப் பற்றியது என்று நான் விளக்கினேன். வழக்கமான வாக்கியத்தையும் சொன்னேன். அவர் எழுந்திருக்கவில்லை.

“சரி மேடம். மிஷின் பொய் சொல்லாது. அது என்னதான் பாத்துச்சு? அதையாவது எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க.”

அப்போதுதான் எனக்கு டீ வந்திருந்தது. குடித்துவிட்டு காலி எவர்சில்வர் டம்ளரை மேஜையில் வைத்து, பேனாவால் தட்டினேன். கணீரென்று ஒலித்து, மெல்ல மெல்ல அடங்கியது.

“உங்க புரதத்துல இருக்கிற ஹைட்ரஜன் ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு கரு இருக்கு. ஒவ்வொரு கருவும் சின்னக் காந்தம். பெரிய காந்தத்துக்குள்ள வச்சு நாங்க ஒரு தட்டு தட்டுவோம். இதே மாதிரி ஒலிச்சு அடங்கும். அடங்க எவ்வளவு நேரம் ஆகுதுன்னுதான் அளக்குறோம். புரதம் தனித்தனியா நல்லா இருந்தா ரொம்ப நேரம் ஒலிக்கும். கட்டிதட்டிப் போச்சுன்னா நசுங்கின டம்ளர் மாதிரி, டொக்குன்னு உடனே அடங்கிடும். உங்களோடது உடனே அடங்கிடுச்சு.”

அவர் டம்ளரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சாவியால் ஒரு தட்டு தட்டினார். டொக்.

“இது நசுங்கலையே மேடம்.”

“கையால பிடிச்சா அப்படித்தான் கேக்கும்.”

“அப்ப என் டம்ளரை யாரும் பிடிச்சிருக்கலைன்னு எதை வச்சுச் சொல்றீங்க?”

எனக்குச் சுருக்கென்றது. பிடிக்கிற ஆட்கள் யார் என்று என் துறையில் எல்லோருக்கும் தெரியும். இரும்பு, மாங்கனீசு, குரோமியம் போன்ற சில உலோக அயனிகளில் ஜோடியில்லாத எலக்ட்ரான்கள் உண்டு. பாராகாந்த அயனி என்போம். ஒரு எலக்ட்ரானின் காந்தம் ஹைட்ரஜன் கருவின் காந்தத்தைப்போல அறுநூற்றைம்பது மடங்குக்கு மேலே. அந்த மாதிரி அயனி ஒன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் போதும், கரு ஒலிக்க ஆரம்பிப்பதற்குள் அடங்கிவிடும். அதற்காகத்தான் ஒவ்வொரு மாதிரியிலும் உலோகத்தைக் கவ்விப் பிடிக்கிற மருந்தைக் கலந்துவிடுகிறோம். இதையெல்லாம் சொல்லி, வாய்ப்பே இல்லை என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அந்த அம்மாளை அனுப்பிவைக்க வேண்டுமே என்பதற்காகத்தான், மறுபடி ஒரு தடவை பார்க்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

மீந்த நீரை ஒரு வருடம் உறைபெட்டியில் வைத்திருப்போம். அவசரத்துக்கென்று இழுப்பறையில் மூன்று புதுக் குழாய்கள் இருந்தன. அதில் ஒன்றைப் பிரித்து அம்சவல்லியின் நீரை ஊற்றி ஓட்டினேன். தொண்ணூற்றொன்று வந்தது.

என் கையில்தான் ஏதோ தப்பு என்று நினைத்து இன்னொரு தடவை ஓட்டினேன். அதே தொண்ணூற்றொன்று. நவம்பரில் அவருடைய நீர் பதினான்காம் எண் குழாயில் போயிருந்தது. அந்தக் குழாயைத் தேடினால், கறை பிடித்ததென்று மறுபடி கழுவி அன்று காலைதான் வந்திருந்தது. அதில் அதே நீரை ஊற்றினேன். முப்பத்தெட்டு. பிறகு குழாயைக் காலிசெய்து வெறும் சுத்தத் தண்ணீரை ஊற்றினேன். சுத்தத் தண்ணீர் சாதாரணமாக இரண்டு மூன்று விநாடி ஒலிக்கும். இதில் அரை விநாடிகூடத் தாங்கவில்லை. டம்ளரைப் பிடித்திருந்த கை குழாயின் சுவரிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

கழுவும் அறைக்குப் போனேன். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜாடி, உள்ளே ஆரஞ்சு நிறத்தில் குரோமிக் அமிலம், அதில் நான்கு குழாய்கள் ஊறிக்கொண்டிருந்தன. எந்தக் கறையையும் தின்றுவிடும் அமிலம் அது. தின்ற பிறகு அதிலிருக்கும் குரோமியம் உருமாறிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நீரில் இறங்கும். கவ்விப் பிடிக்கிற மருந்துக்கும் அது அவ்வளவு சீக்கிரம் மசியாது. என்.எம்.ஆர். குழாயைக் குரோமிக் அமிலத்தில் கழுவக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். அந்தப் பாடம் ஜாடிக்கு நேர் மேலே சுவரில் ஒட்டியிருந்தது. எபனேசர் அண்ணன் வேலைக்குச் சேர்ந்த அன்று நான் சொல்லச் சொல்ல, கையெழுத்து அழகாக இருக்கிறதே என்று அவரையே எழுத வைத்தது. ஐந்து விதிகள். மூன்றாவது: குரோமிக் அமிலம் கூடவே கூடாது. அடியில் இரண்டு கோடு.

“அண்ணே, இதுல கழுவக் கூடாதுன்னு நான் சொன்னேனா இல்லையா?”

“நீங்க சொல்லவே இல்லையே மேடம்” என்றார் அவர். “கறைக்கு இதை மிஞ்சி ஒண்ணு கிடையாது. காலேஜ்ல நாங்க இதுலதான் கழுவுவோம்.”

சுவரைக் காட்டி, அது யார் எழுத்து என்று கேட்டேன். கிட்டே போய், கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். தன் எழுத்துதான் என்று ஒப்புக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாக, “ஆனா நீங்க சொல்லல மேடம்” என்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இத்தனை வயதில், இத்தனை விசுவாசமான மனிதர், முகத்துக்கு நேரே நின்று பொய் சொல்கிறாரே என்று உடம்பெல்லாம் எரிந்தது. வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் ஜாடியைத் தூக்கிக்கொண்டு போய்க் கழிவுத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து நின்றார்.

மேலாளர் பார்த்திபன் என்னைவிடப் பத்து வயது சின்னவர், சத்தம் போடாமல் காரியம் முடிப்பவர். விஷயம் வெளியே போகாமல், வழக்கமான மறுபரிசோதனை என்று சொல்லி எல்லாவற்றையும் திருத்திவிடலாம் என்றார். முடியாது, ஒவ்வொருவருக்கும் போன் செய்து உள்ளதைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று மல்லுக்கு நின்று ஜெயித்தேன். இன்னொன்றும் சொன்னார்: எபனேசரை மாதக் கடைசியோடு நிறுத்திவிடலாம், எழுத்துமூலமான விதியை மீறினார் என்று நீங்கள் ஒரு வாக்குமூலம் எழுதிக் கொடுங்கள். அதற்கு நான் மல்லுக்கு நிற்கவில்லை. எழுதிக் கொடுத்தேன். எட்டுக் குழாய்களைத் திருப்பி அனுப்பியது, அந்தத் துண்டுத்தாள், எதுவும் அதில் இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எந்தக் குழாய் எப்போது அமிலத்துக்குப் போனது என்று கண்டுபிடிக்கச் சிரமமே இருக்கவில்லை. எபனேசர் அண்ணன் தன் கழுவல் பதிவேட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார். அமிலத்தில் ஊறிய குழாய்க்கு நேரே சிவப்பு மையில் ஒரு நட்சத்திரம். மறைக்க நினைக்கிறவர் நட்சத்திரம் போட்டு எழுதி வைப்பாரா என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. கோபத்தில் இருந்தேன் அல்லவா.

நான் சோதித்த அன்றைக்குக் கழுவியதைத் தள்ளினால் மொத்தம் இருபத்து நான்கு நட்சத்திரம். அமிலத்துக்கு அடுத்த முதல் தடவைதான் குழாய் கெடுதல் செய்கிறது, அதற்குப் பிறகு சோப்பில் கழுவி ஓட்டிய மாதிரிகள் சரியாக இருந்தன. பட்டியலின் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். இருபத்து மூன்றும் ஆளுக்கு ஒரு குழாயாகப் போயிருந்தன, இருபத்து மூன்று பேருக்கும் மங்கல். மீந்த நீரை உறைபெட்டியிலிருந்து எடுத்து அமிலம் படாத குழாயில் ஓட்டியதில் இரண்டு பேருக்கு உண்மையிலேயே மங்கல். மீதி இருபத்தொரு பேரும் நன்றாக இருந்தார்கள். நானே போன் செய்தேன். ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டினார், முழுதாகக் கேட்டுக்கொண்டேன். ஒருவர் ஊசி ஆரம்பித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒரு பெரியவர் வீட்டையும் நிலத்தையும் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு சின்ன மகன் வீட்டு மாடி அறையில் இருந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, “என் பசங்க கிட்ட இதைச் சொல்லணுமாம்மா? சொல்லாம விட்டுடலாமா?” என்றார்.

அம்சவல்லி நேரிலேயே வந்தார். நன்றி கின்றி எதுவும் சொல்லவில்லை. “சீல் வச்சுக் குடுங்க மேடம். வாய்ச்சொல்லுக்கு பஸ் ஓடாது” என்றார். கொடுத்தேன். வாங்கி, எண்ணை இரண்டு தடவை படித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அந்த வெள்ளிக்கிழமை துறையூர் வண்டியை எடுத்துவிட்டதாக டிப்போவிலிருந்து செய்தி வந்தது. சந்தோஷமாக இருந்தது. காரியம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஒரு நட்சத்திரம் மிச்சம் இருந்தது. பட்டியலின் முதல் வாரம். அதுவும் பதினான்காம் எண் குழாய்தான், அக்டோபரில் நான் திருப்பி அனுப்பிய எட்டில் ஒன்று. கணினியில் அதற்கு நேரே நோயாளியின் பெயர் இல்லை. ‘படிக்கல்’ என்று இருந்தது.

படிக்கல் என்பது நாங்களாக வைத்த பெயர். ஆரோக்கியமான ஒருவரின் நீரைத் தினமும் காலையில் முதலில் ஓட்டுவோம். அன்றைக்கு வருகிற எல்லோரையும் அதோடு ஒப்பிட்டுத்தான் எண் போடும் இயந்திரம். தராசில் வைக்கிற கல் தேய்ந்துபோனால் என்ன ஆகும்? குறைந்த சரக்கும் நிறைந்த எடை காட்டும். அன்றைக்குப் படிக்கல்லையே குரோமியம் பிடித்திருந்தது. அன்றைக்கு ஓடிய ஒன்பது பேருக்கும் எண் எகிறியிருக்கிறது. நூற்றுக்கு மேலே போனால் இயந்திரம் நூறு என்றே அச்சடிக்கும். ஒன்பது சீட்டிலும் நூறு. ‘இன்னைக்கு என்ன, ஊரே தெம்பா இருக்கு’ என்று நானே சிரித்தது ஞாபகம் வந்தது. ஒன்பது பேருக்கும் நூறு வந்தால் எதையாவது சந்தேகப்பட வேண்டாமா ஒருத்தி?

நல்ல நாளின் படிக்கல்லை வைத்து ஒன்பதையும் திரும்பக் கணக்கிட்டேன். பழைய பதிவுகளே போதும், ஒரு நிமிட வேலை. எட்டுப் பேர் எழுபதுக்கு மேலே இருந்தார்கள். ஒன்பதாவது நாற்பத்தொன்று.

பெயரைப் பார்க்க வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை. அக்டோபர், வெள்ளிக்கிழமை, ஊழியர் பரிசோதனை. சாலமோன் எபனேசர்.

‘நீங்க சொல்லவே இல்லையே மேடம்.’ அவர் பொய் சொல்லவில்லை. நான் சொன்னதும், அவர் எழுதியதும், அடியில் இரண்டு கோடு போட்டதும் அவரிடம் இல்லை. முப்பத்து நான்கு வருடத்துக் கல்லூரிப் பழக்கம் அப்படியே இருந்தது, இரண்டு வருடத்துக்கு முன்னால் கேட்ட விதி போய்விட்டது. போனதால் குழாயை அமிலத்தில் போட்டார். அந்தக் குழாயே அவருக்கு ஒன்றுமில்லை என்று சீட்டுக் கொடுத்தது. என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு நாளை எண்ணிப் பார்த்தேன். ஆறு மாதக் கெடுவுக்கு ஆறு வாரம் இருந்தது.

கழுவும் அறையில் அவர் பீக்கர் துடைத்துக்கொண்டிருந்தார். வேலையில் இன்னும் மூன்று நாள்தான் பாக்கி. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. படிக்கல்லில் ஆரம்பித்து நாற்பத்தொன்றுவரை எல்லாவற்றையும் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. எனக்கு அது வரவும் வராது. அவர் கடைசிவரைக்கும் அந்த ஒரே பீக்கரைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அப்ப அந்த பஸ் ஓட்டுற அம்மாவுக்கு ஒண்ணும் இல்லையே?” என்றார்.

இல்லை, வண்டி எடுத்துவிட்டார் என்றேன்.

“அந்தம்மா மிஷினை நம்பல, பாருங்க” என்றார். பீக்கரைக் கவிழ்த்து வைத்தார். “எனக்கு முன்னாடியே பயம் இருந்துச்சு மேடம். சாராவுக்கு ஒரே மாத்திரையை ரெண்டு தடவை குடுத்துட்டேன் ஒரு நாள். அதுக்குத்தான் டைரி வாங்கினேன். சீட்டுல நூறுன்னு வந்ததும் டைரியைத் தூக்கிப் பீரோல போட்டுட்டேன். மிஷினுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடப் போகுதுன்னு விட்டுட்டேன்.”

மன்னித்துவிடுங்கள் என்றேன். அந்த வார்த்தையை நான் அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை. பார்த்திபனிடம் கொடுத்த வாக்குமூலத்தைத் திரும்ப வாங்கி, எட்டுக் குழாயிலிருந்து ஆரம்பித்துப் புதிதாக எழுதப்போகிறேன் என்றேன். பராமரிப்பு இல்லத்துக்கு நானே போய்ப் பேசுகிறேன், இடம் போயிருந்தால் வரிசையில் மறுபடி பெயர் எழுதலாம் என்றேன். ஆறு வாரம் இருக்கிறது, நாளைக்கே முதல் ஊசி, காலை பத்து மணிக்கு என் காரில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன்.

“ஊசி போட்டா சாராவைப் பாத்துக்கலாமா?”

“பத்து வருஷம் பாத்துக்கலாம்ணே.” அதை நான் உறுதியாகச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன்.

அவர் சட்டைப் பையைத் தடவினார். டைரி இல்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு, கழுவல் பதிவேட்டைத் திறந்து, அதன் அட்டைக்குள் செருகியிருந்த ஒரு துண்டுத்தாளை எடுத்தார். எனக்கு அடையாளம் தெரிந்தது. என் எழுத்து. ‘இதுதான் கழுவுற லட்சணமா?’ அத்தனை மாதம் அதை வைத்திருந்திருக்கிறார். தாளைத் திருப்பிப் போட்டு, வெறும் பக்கத்தில், அந்த அழகான கையெழுத்தில் நிறுத்தி நிறுத்தி எழுதினார். எனக்கு மங்கல். நாற்பத்தொன்று. நாளை காலை பத்து மணிக்கு ஊசி. மேடம் சொன்னாங்க. கீழே தேதி போட்டார். பேனாவையும் தாளையும் என்னிடம் நீட்டினார்.

“கையெழுத்துப் போட்டுக் குடுங்க மேடம். இல்லன்னா நாளைக்கு, நீங்க சொல்லவே இல்லைன்னு சொல்லிடுவேன்.”

போட்டேன். அவர் அதை ஒரு தடவை படித்துப் பார்த்து, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மீதி இருந்த பீக்கர்களைக் கழுவப் போனார்.